குட்டிக்கு வரும் ரத்தக் கழிச்சல்

நேற்று வரை வீட்டைத் துவம்சம் செய்துகொண்டிருந்த நாய்க்குட்டி, இன்று பாலைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் சுருண்டு கிடக்கிறது. வாந்தி. ரத்தம் கலந்து, குமட்டும் நாற்றத்தோடு கழிச்சல். அப்படியானால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பார்வோ வைரஸைத்தான். 1978 வாக்கில் உலகெங்கும் பரவத் தொடங்கிய நோய் இது. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரையுள்ள குட்டிகளைத்தான் அதிகம் பிடிக்கும்.

குடலின் உள்சுவரை இந்த வைரஸ் அரித்துவிடுகிறது. உடலில் நீர் வற்றுகிறது. குடல் கிருமிகள் ரத்தத்தில் நுழைகின்றன. வைரஸை எதிர்த்துக் குட்டிதான் போராட வேண்டும். குட்டி வெல்லும்வரை தாக்குப்பிடிக்கத்தான் டிரிப்ஸும், வாந்தியை நிறுத்தும் ஊசியும், ஆன்டிபயாடிக்கும். உடனே மருத்துவரிடம் போனால் பெரும்பாலான குட்டிகள் பிழைத்துவிடும். மோர், கஷாயம் என்று ஒரு நாளைக் கடத்தாதீர்கள். வாந்தி எடுக்கும் வயிற்றில் அது எங்கே தங்கும்?

மனிதருக்கு இது தொற்றாது. ஆனால் நம் செருப்பில் ஒட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக் குட்டியிடம் போய்ச் சேரும். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும், சானிடைசருக்கெல்லாம் அசையாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையைக் கழுவுங்கள்.

தடுப்பூசியை ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இடைவெளி விட்டுப் போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியை வேலை செய்யவிடாமல் தடுக்கக்கூடும் என்பதால், ஒரே ஊசியோடு நிறுத்திவிடக் கூடாது.