பச்சைத் திரையும் நம் பிள்ளைகளின் முகமும்

 

நமது மாணவர்கள் அரிக்கமேட்டைப் பற்றிப் பாடப்படம் ஒன்று எடுக்க முனைந்திருக்கின்றனர். 1945இல் மார்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது எடுத்த நிழற்படங்களைப் பின்னால் காட்டி, முன்னால் நம் பிள்ளைகள் நின்று விளக்குவது திட்டம். ஒரு பச்சைத் துணியும் ‘ஓ.பி.எஸ். ஸ்டூடியோ’ என்னும் இலவச மென்பொருளும் இதற்குப் போதும். ஆயினும் முதலில் எடுத்த படத்தைக் கண்ட மாணவி ஒருத்தி, “என் முகம் கறுப்பு, ஐயா, அதனால்தான் சரியாக வரவில்லை” என்றாள். அச்சொல்லுக்கு விடை கூறவே இத்தலைப்பை எடுத்துக்கொண்டேன்.

மென்பொருள் மனிதரை அறியாது. நிறத்தை மட்டுமே அறியும். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் நாம் குறித்துக் கொடுத்த பச்சைக்கு எவ்வளவு அண்மையில் உள்ளது என்று கணக்கிட்டு, அண்மையில் இருப்பதை நீக்குகிறது. இன்றைய கேமராக்களின் உணர்தகட்டில் பாதிப் புள்ளிகள் பச்சைக்கு உரியவை, நீலத்துக்குக் காற்பங்கே. மனிதத் தோலிலோ, அது கறுப்பாயினும் சிவப்பாயினும், பச்சை மேலோங்குவதில்லை. எனவே கருநிறம் இக்கணக்குக்குத் தடையன்று. (பச்சைத் தாவணி உடுத்தி நின்றால் தலை மட்டும் மிதக்கும், அது வேறு செய்தி.)

பின் ஏன் அவள் கன்னத்தில் பசுமை படிந்தது? துணியை ஒட்டி நின்றாள். விளக்கு முழுவதும் துணிமேல் விழுந்தது. கருநிறம் குறைந்த ஒளியையே திருப்பி அனுப்புவதால், துணியிலிருந்து தெறித்த பச்சை அதில் மிகுந்து தெரியும். குற்றம் ஒளியமைப்பினுடையது.

அக்குற்றத்தைத் தோலின்மேல் சுமத்தும் வழக்கம் பழையது. வண்ணப்படங்களை ஒப்புநோக்கக் கோடாக் நிறுவனம் வழங்கிய ‘ஷெர்லி’ அட்டைகளில் பல்லாண்டுகள் வெள்ளைப் பெண்ணின் முகமே இருந்தது. அம்முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி! பல நிற முகங்கள் கொண்ட அட்டை 1990களில்தான் வந்தது. 2020இல் கனடாவில், துணியின்றியே பின்புலத்தை மாற்றும் மென்பொருள் ஒன்று, கறுப்பினப் பேராசிரியர் ஒருவரின் தலையையே பின்புலம் என்று கொண்டு அழித்துவிட்டது. பச்சைத் துணி அவ்வாறு ஊகிப்பதில்லை. ஆதலால் நமக்கு அதுவே நம்பத்தக்கது.

துணியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, அதன்மேல் ஒளி ஒரே சீராகப் பரவச் செய்யுங்கள். பேசுபவர் துணிக்கு ஆறடி முன்னே நிற்கட்டும். முகத்துக்குத் தனி விளக்கு வேண்டும். கேமரா தானே ஒளியையும் நிறத்தையும் மாற்றிக்கொள்ளாதபடி பூட்டிவிடுங்கள். இவை முடிந்த பின்னரே மென்பொருளைத் தொடவேண்டும். ‘சிமிலாரிட்டி’ அளவைக் குறைவில் தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். துணி மறைந்ததும் நிறுத்துங்கள். மடிப்பின் நிழலை மறைக்க மேலும் ஏற்றினால் கூந்தலும் சேர்ந்து போகும். ‘ஸ்மூத்னெஸ்’ ஓரத்தை மென்மையாக்கும். படிந்த பசுமையை நீக்கும் ‘ஸ்பில் ரிடக்ஷன்’ அளவு மிகுந்தால் முகம் நிறமிழந்து சாம்பல் பூத்துவிடும். முகத்தை வெளுப்பாக்கும் வசதி எந்தச் செயலியில் இருந்தாலும் அதனை நாடவேண்டா; பிள்ளையின் நிறம் திருத்தவேண்டிய பிழையன்று.

தனி விளக்குக்கு வழியில்லையேல், காலை எட்டு மணிக்குமேல் தாழ்வாரத்து நிழலில் எடுக்கலாம். அங்கே காற்று மிகுதி. துணியின் நான்கு மூலைகளையும் கட்டிவிடுங்கள்.