வாடை வீசும் மாதத்தில் பரந்தன்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியரைக் கூப்பிட்டால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். இன்று பரந்தனைப் பற்றிப் பேசப்போகிறோம்.

உப்புக் கரைசலை மின்பகுத்தால் எரிசோடா, குளோரீன், ஐதரசன் வரும் என்று இரசாயனப் பாடத்தில் எழுதினோமே! ஆனையிறவு உப்பைக் கொண்டு அதையே பெரிய அளவில் செய்த தொழிற்சாலை 1950களிலிருந்து பரந்தனில் இயங்கியது. போர்ச் சூழலில் 1985 இல் நின்றது. எங்கள் வயதினர் கண்டது இடிபாட்டைத்தான். அதை மீண்டும் தொடங்க வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. தொடங்கட்டும், பிள்ளைகளுக்கு வேலை வேண்டும். ஆனால் அதற்கு முன் போபாலைக் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

1984 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு, அங்கிருந்த யூனியன் கார்பைட் பூச்சிகொல்லித் தொழிற்சாலையின் 610 ஆம் இலக்கத் தாங்கிக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே இருந்தது ஏறத்தாழ 40 தொன் மெதைல் ஐசோசயனேற்று. தாங்கியைக் குளிராக வைத்திருக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. தப்பும் வாயுவை எரிக்கும் கோபுரம் திருத்த வேலைக்காகக் கழற்றப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கருவியால் அவ்வளவையும் தாங்க முடியவில்லை. மத்தியப் பிரதேச அரசு உறுதிசெய்த இறப்புகளே 3787.

தண்ணீர் எப்படிப் புகுந்தது என்று இன்றும் வாதாடுகிறார்கள். எங்களுக்கு அது இரண்டாவது கேள்வி. ஒவ்வொரு தடுப்பையும் நிறுத்தியபோது "இது ஒன்றுதானே" என்று யாரோ நினைத்திருப்பார்கள். அப்படி நினைக்க விடாமல், எதை மாற்றினாலும் எழுதி, ஆராய்ந்து, பொறுப்பானவரின் கையொப்பம் பெற்றே மாற்றவைப்பதைத்தான் செயன்முறைப் பாதுகாப்பு முகாமை என்கிறார்கள். தலைக்கவசமும் சப்பாத்தும் தொழிலாளியைக் காக்கும். ஊரைக் காப்பது இதுதான். சிறிய கசிவையும் பெரிய விபத்தாகவே எண்ணி விசாரிப்பதும் இதில் அடக்கம். போபாலில் 1981 இலேயே பொஸ்ஜீன் வாயுவால் ஒரு தொழிலாளி இறந்திருந்தார். பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி 1982 முதல் எழுதி எச்சரித்தார்.

வைத்தியர்களாக எங்களால் விழுங்க முடியாதது இன்னொன்று. ஹமீதியா வைத்தியசாலையில் ஆயிரக்கணக்கானோர் வந்து விழுந்த அந்த இரவில், வந்த வாயு எதுவென்றே வைத்தியர்களுக்குத் தெரியாது. கண்களை எரிக்கும், அவ்வளவுதான் என்பது போலத்தான் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து சொல்லப்பட்டது.

பரந்தனில் உற்பத்தி நின்றாலும் குளோரீன் நிற்கவில்லை. குடிநீர் சுத்திகரிப்புக்கு அது சிலிண்டரில் வருகிறது. இந்த இடத்தில் எங்களுக்கு ஒரு பயம் உண்டு. பள்ளிக்கூட வளவில் பதுங்குகுழி வெட்டியதை மறந்திருக்கமாட்டீர்கள். சத்தம் கேட்டால் விழு, குழிக்குள் இறங்கு என்று உடம்புக்கே பழக்கினோம். குளோரீனுக்கு அது நேர்மாறு. அது காற்றைவிட இரண்டரை மடங்கு பாரம், பள்ளம் தேடிப் போகும். காற்றுக்குக் குறுக்காக விலகி, மேட்டுக்குப் போக வேண்டும். உடுப்பைக் கழற்றி, கண்ணையும் உடம்பையும் தண்ணீரால் நன்றாகக் கழுவ வேண்டும். ஆனால் கசியும் சிலிண்டரில் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஓட்டை பெரிதாகும். இருமல் குறைந்துவிட்டதென்று வீட்டுக்குப் போனவருக்கும் சில மணித்தியாலங்களின் பின் நுரையீரலில் நீர் கோக்கலாம். மாற்று மருந்து கிடையாது. ஒட்சிசனும் கண்காணிப்பும்தான்.

(வீட்டிலும் இதே குளோரீன் பிறக்கும். கழிவறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சிங்கைக் கலக்காதீர்கள், தங்கைமாரே.)

இத்தாலியின் செவேசோவில் 1976 இல் டயொக்சின் பரவியது. அதன் பின் 1982 இல் ஐரோப்பா கொண்டுவந்த விதிகளில், இப்படியான இடங்களைச் சுற்றி வாழ்வோருக்கு என்ன செய்ய வேண்டுமென்று முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும் ஒன்று.

எங்கள் பழைய மாணவியரில் பொறியியலாளர் இருக்கிறீர்கள், கிராம அலுவலர் இருக்கிறீர்கள், பிரதேச செயலகத்தில் இருக்கிறீர்கள். பரந்தன் திட்டம் மேசைக்கு வரும் நாளில் நாங்கள் கேட்க வேண்டியவை சில. ஒரே நேரத்தில் எத்தனை தொன் குளோரீன் வைத்திருப்பீர்கள்? ஒரு தடுப்பு பழுதானால் வேலையை நிறுத்தும் அதிகாரம் இரவு முறையில் நிற்பவருக்கு உண்டா? வாடை வீசும் மார்கழியில் காற்றின் கீழ்ப்பக்கம் கிளிநொச்சி நகரம். மாவட்ட வைத்தியசாலையும் அங்கேதான். அன்றைக்கு நோயாளரை எங்கே கொண்டுபோவீர்கள்?