சரக்கு கப்பலேறிடுச்சு, சரி... பி.எல்.ல யார் பேரு இருக்கு?

(திருப்பூரில் சிறு ஏற்றுமதியாளர்களிடம் ஆற்றிய உரை)



1980 ஜனவரியில், செனகல் கரைக்கு அப்பால் 'சேலம்' என்ற எண்ணெய்க் கப்பல் மூழ்கியது. நம்ம சேலம் இல்லீங்க, கப்பலோட பேரே அதுதான்! குவைத்தில் ஏற்றிய கச்சா எண்ணெய் உள்ளே இருப்பதாகக் காகிதம் சொன்னது. ஆனால் காப்பாற்றப்பட்ட மாலுமிகள் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார்கள். மூழ்குற கப்பல்ல பெட்டி கட்ட யாருக்குங்க நேரம்? விசாரித்தால், எண்ணெயில் பெரும்பகுதியை வழியிலேயே டர்பனில் ரகசியமாக இறக்கிவிட்டு, கப்பலை வேண்டுமென்றே மூழ்கடித்திருக்கிறார்கள். அந்தச் சரக்கை வாங்கியிருந்தது ஷெல் நிறுவனம்.

ஷெல் தாங்கும். நீங்க தாங்குவீங்களா? ஒரு கன்டெய்னர் பனியன் போச்சுன்னா நூல் கடன், சாயப்பட்டறை பாக்கி, தையல்காரங்களோட வாரச் சம்பளம் எல்லாம் ஒண்ணா வந்து வாசல்ல நிக்கும்.

நம்மகிட்ட யாரும் கப்பலை மூழ்கடிக்க வேண்டியதில்லை. "எஃப்.ஓ.பி.தான், ஃபார்வர்டரை நானே சொல்றேன்" என்பார் பையர். கப்பல் கம்பெனி கொடுக்கும் மாஸ்டர் பி.எல்.லில் அந்த ஃபார்வர்டரின் வெளிநாட்டு ஏஜென்ட் பெயர் இருக்கும். உங்களுக்குக் கிடைப்பது ஃபார்வர்டர் எழுதித் தரும் ஹவுஸ் பி.எல். மட்டும். ஒரிஜினல் உங்க பீரோவுல பத்திரமா இருக்கும். சரக்கு அங்கே கைமாறிப் போயிருக்கும்!

அதனால, அந்த ஃபார்வர்டர் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி கப்பல் போக்குவரத்து இயக்குநரகத்தில் எம்.டி.ஓ.வாகப் பதிவு செய்தவரா என்று முதலில் பாருங்கள். புது பையர் என்றால் ஆர்டர் எடுக்கும் முன்பே இ.சி.ஜி.சி.யில் விசாரியுங்கள். பிரீமியம் செலவுதான், இல்லைன்னு சொல்லல.

இன்னொண்ணு. உங்க மெயிலுக்குள்ள புகுந்து, "எங்க பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு" என்று பையருக்கு எழுதுகிறான் ஒருத்தன். பையர் நல்லவர்தான், பணமும் கட்டிவிட்டார், ஆனால் திருடன் கணக்கில். கணக்கு மாறினால் போனில் பேசி உறுதி செய்யாமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று ஒவ்வொரு இன்வாய்ஸிலும் எழுதிவிடுங்கள். மீறி நடந்துட்டா அன்னைக்கே 1930க்கு அடிங்க, பேங்குக்கும் சொல்லுங்க. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

இன்னைக்கு வீட்டுக்குப் போனதும், கடலில் இருக்கும் உங்கள் சரக்கின் பி.எல்.லை எடுத்து 'கன்சைனி' கட்டத்தைப் பாருங்கள். 'டு ஆர்டர்' என்று இல்லாமல் பையர் பெயர் நேரடியாக இருந்தால், அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரிஜினல் இல்லாமலே அவர் சரக்கை எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. அப்படி இருந்தா, நாளைக்குக் காலையில பேங்க் திறக்கும்போதே போய் உட்காருங்க.