படிப்பே துணை நிற்கும்!

(தலைப்பு: “இறைப்பணிக்குப் பெரிதும் துணை நிற்பது பட்டப்படிப்பா? பட்டறிவா?” – ‘பட்டப்படிப்பே’ என்ற அணியில் பேசியது)

நடுவர் ஐயா அவர்களே! இதுவரைக்கும் எங்களை ஒரு பிடி பிடித்துவிட்டு, இப்போது ஒன்றுமே நடக்காத மாதிரி தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!

நான் ஒரு திருச்சபையில் ஆயராகப் பணி செய்கிறேன். எங்க தெக்குச் சீமையில சபை ஆயரை ‘ஐயர்’னு சொல்வாங்க. அவர் வீட்டம்மாவை ‘ஐயரம்மா’ன்னு சொல்வாங்க. நான் பொறுப்பேற்றுப் போன முதல் வாரம் ஒரு பாட்டி வந்தாங்க. “ஐயரம்மா, ஐயர் எங்க தாயி?”ன்னாங்க. “பாட்டி, ஐயரே நான்தான்”னேன். மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தாங்க. “அதுக்கெல்லாமா இப்பப் படிப்பு வந்திருச்சு?”ன்னு கேட்டாங்க. (சிரிப்பு) வந்திருச்சு பாட்டி. அந்தப் படிப்பைப் பத்தித்தான் இன்னைக்குப் பேச வந்திருக்கேன்.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே கேட்டார்: “பேதுரு எந்தக் காலேஜில் படித்தார்? மீன் பிடித்தவர்தானே? அவர் பிரசங்கம் பண்ணி மூவாயிரம் பேர் சேரவில்லையா?” என்று. நல்ல கைதட்டல் வாங்கிவிட்டார். வாங்கட்டும். நான் கேட்கிறேன், பேதுரு மூன்றரை வருஷம் யாரிடம் இருந்தார்? ராத்திரி பகலாக, தங்கிப் படிக்கிற மாதிரி, ஆசிரியரோடேயே நடந்து, ஆசிரியரோடேயே சாப்பிட்டு, நடுநடுவே ஆசிரியரிடம் திட்டும் வாங்கி... இதைவிடப் பெரிய விடுதிக் கல்லூரி எது ஐயா? (கைதட்டல்) அந்தப் பேதுரு பேரில் இருக்கிற இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைப் பாருங்க. பவுல் எழுதுறதுல புரிஞ்சுக்கக் கஷ்டமான விஷயம் சிலது இருக்கு, படிக்காதவங்க அதைப் புரட்டிடுறாங்கன்னு வருது. அனுபவத்துல பேதுருவை மிஞ்ச ஆள் உண்டா? அவர் பேரில் இருக்கிற கடிதமே படிக்காம புரட்டாதீங்கன்னு சொல்லுது!

இந்தப் படிப்பு என்னன்னு தெரியாத பெரியவங்களுக்கு ரெண்டு வரியில சொல்லிடறேன். செராம்பூர்ப் பல்கலைக்கழகத்தின் பி.டி. பட்டம். ஏற்கெனவே ஒரு பட்டம் வாங்கிட்டு வந்தவங்களுக்கு நாலு வருஷம். எபிரேயம், கிரேக்கம், திருச்சபை வரலாறு, பிற சமயங்கள், அறநெறி எல்லாம் உண்டு. அதுல ஒரு பாடம் தற்கால இறையியல். எதிரணி நண்பர் ஒருத்தர் அதைத்தான் கிண்டல் பண்ணினார். “ஜெர்மனியில யாரோ ஒரு பேராசிரியர் நாற்காலியில உட்கார்ந்து எழுதினதை, நீங்க எட்டையாபுரத்துல உட்கார்ந்து ஏன் படிக்கணும்?”னு கேட்டார்.

கேள்வி நியாயமான கேள்விதான். ஆனா நாற்காலியில உட்கார்ந்தா எழுதினாங்க?

காரல் பார்ட்னு ஒருத்தர். 1911-லிருந்து 1921 வரைக்கும் சுவிட்சர்லாந்துல சாஃபன்வில்ங்கிற சின்ன ஊர்ல ஆயர். மில் தொழிலாளிங்க நிறைஞ்ச ஊர். அவங்களுக்குச் சங்கம் வைக்கத் துணை நின்னார். ‘சிவப்புப் பாதிரி’ன்னு பேர் வாங்கினார். ஞாயித்துக்கிழமை ஆனா பிரசங்க மேடையில ஏறணும். கீழே கூலி போதாத ஜனம் உட்கார்ந்திருக்கு. என்னத்தைச் சொல்றது? அந்தத் தவிப்புல ரோமர் நிருபத்தை எடுத்து உட்கார்ந்தார். வந்த விளக்கவுரை 20-ஆம் நூற்றாண்டு இறையியலையே புரட்டிப் போட்டுச்சு.

இன்னொருத்தர் யூர்கன் மோல்ட்மன். இவரைப் பத்திக் கொஞ்சம் நின்னு சொல்லணும் நடுவர் ஐயா, மணியை அடிச்சிடாதீங்க. (சிரிப்பு) 1943, ஜூலை மாசம். ஹாம்பர்க் நகரத்து மேல குண்டு மழை. மோல்ட்மனுக்குப் பதினேழு வயசு. விமான எதிர்ப்புப் பீரங்கிப் படையில சேர்த்துவிட்ட பள்ளிக்கூடப் பையன். பக்கத்துல நின்ன சிநேகிதன் அந்த இடத்திலேயே போயிட்டான். இவர் பிழைச்சுக்கிட்டார். சாமி இல்லாத வீட்டுல வளர்ந்த பிள்ளை. அன்னைக்கு ராத்திரிதான் வாழ்க்கையில முதல் தடவையா, “கடவுளே, நீ எங்க இருக்கே?”ன்னு கேட்டாராம். பிறகு போர்க்கைதி. பெல்ஜியம், ஸ்காட்லாந்துன்னு முகாம் முகாமாய்ப் போனார். அங்கே ஒரு ராணுவக் குருவானவர் கையில வேதப் புஸ்தகத்தைக் கொடுத்தார். சிலுவையில தொங்கி ஏன் கைவிட்டீர்னு கதறின இயேசுவைப் படிச்சதும், நம்ம நிலைமை புரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார்னு தோணிச்சு. அப்புறம் இங்கிலாந்துல நார்ட்டன் முகாம்னு ஒண்ணு. முள்வேலிக்குள்ளேயே கைதிகளுக்கு ஒரு இறையியல் பள்ளிக்கூடம் நடந்துச்சு. அவர் இறையியல் படிக்கத் தொடங்கினது அங்கதான். 1964-ல் நம்பிக்கையைப் பத்தி ஒரு நூல் எழுதினார். 1972-ல் சிலுவையில் அறையப்பட்ட கடவுளைப் பத்தி ஒரு நூல் எழுதினார். 2024-ல் தன் 98-ஆவது வயசில் காலமானார்.

இப்பச் சொல்லுங்க, இது படிப்பா, பட்டறிவா? அடுத்தவன் பட்ட அறிவை நான் படிக்கிறேன். அதுக்குப் பேருதான் படிப்பு! (பலத்த கைதட்டல்) என் ஒரு ஆளோட அனுபவத்தை மட்டும் வச்சுக்கிட்டுப் பணி செய்யணும்னா, குண்டு விழுந்த பிறகுதான் எனக்குக் குண்டைப் பத்தித் தெரியும்.

இது என்ன பிரயோசனம்னு கேட்பீங்க. சொல்றேன்.

2004, டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் கடல் கொண்டுபோச்சு. வேளாங்கண்ணிக்குத் திருவிழாக்கூட்டமாய்ப் போனவங்களும் அதுல உண்டு. அப்ப நான் இறையியல் மாணவி. நிவாரண வேலைக்கு ஒரு முகாமுக்குப் போயிருந்தோம். மூணாம் நாளோ நாலாம் நாளோ ஒரு வேன் வந்துச்சு. ஒலிபெருக்கி கட்டியிருந்தாங்க. அரிசி கொண்டுவந்தாங்க, நல்ல காரியம். அரிசியோட சேர்த்து ஒருத்தர் மைக்கைப் பிடிச்சுட்டார். இது கடவுளோட கோபம், உங்க பாவத்துக்கு வந்த தண்டனைன்னு பேசினார். கொடுமைக்காரர் இல்லை ஐயா அவர். அழுதுகிட்டேதான் பேசினார். அவருக்குத் தெரிஞ்ச இறையியல் அவ்வளவுதான்.

வேன் போன பிறகு ஒரு அம்மா என்கிட்ட வந்தாங்க. எட்டு வயசுப் பொண்ணு போயிடுச்சு. அவங்க கிறிஸ்தவங்க இல்லை, மாரியம்மனைக் கும்பிடறவங்க. என் கழுத்துல கிடந்த சிலுவையைப் பார்த்துட்டு வந்திருக்காங்க. “ஏம்மா, நான் பாவம் பண்ணியிருப்பேன். எம் புள்ள என்னம்மா பாவம் பண்ணிச்சு?”ன்னு கேட்டாங்க.

எதிரணி நண்பர்களே, நீங்க அந்த இடத்துல நின்னா என்ன சொல்லியிருப்பீங்க?

எனக்கு வகுப்பில் படிச்சது ஞாபகம் வந்துச்சு. யோபுவோட சிநேகிதங்க வாயைத் திறக்காம ஏழு நாள் தரையில உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்லவங்களா இருந்தாங்க. பேச ஆரம்பிச்ச பிறகுதான் கெட்டாங்கன்னு சொல்லிக்கொடுத்தாங்க. அதனால முதல்ல உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழிச்சு, “அம்மா, உங்க புள்ள எந்தப் பாவமும் பண்ணலை. நீங்களும் பண்ணலை. எவர் மைக்குல சொன்னாலும் நம்பாதீங்க”ன்னேன். “அப்ப சாமி எங்கம்மா இருந்தாரு?”ன்னாங்க. நான் மோல்ட்மன் பேரைச் சொல்லலை. சொன்னா அவங்களுக்கு என்ன புரியும்? “சாமி கரையில நின்னு வேடிக்கை பார்க்கலைம்மா. உங்க புள்ளையோட தண்ணிக்குள்ளதான் இருந்தாருன்னு நான் நம்புறேன்”ன்னேன். அந்தம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அதுவரைக்கும் ‘புள்ள, புள்ள’ன்னு மட்டும் சொல்லிக்கிட்டு இருந்தவங்க, பொண்ணோட பேரைச் சொன்னாங்க. அப்புறம் நிறுத்தவே இல்லை. பள்ளிக்கூடத்துல என்ன பாட்டுப் பாடினா, என்ன கேட்டு அடம்பிடிச்சா... பொழுது சாயற வரைக்கும் பேசினாங்க.

அந்த வேன்காரருக்கும் எனக்கும் பக்தியில வித்தியாசம் இல்லை நடுவர் அவர்களே. அவர் என்னைவிட அதிகமாகக்கூட ஜெபம் பண்ணியிருப்பார். அனுபவமும் அவருக்குத்தான் அதிகம். எனக்கு அப்ப ஏது அனுபவம்? (கைதட்டல்)

ரெண்டாவதாகப் பேசிய எதிரணிச் சகோதரர் ஒரு சிலேடை போட்டார். “செமினரிக்குப் போனவன் செமிட்ரிக்குப் போன மாதிரி, விசுவாசத்தைப் புதைச்சுட்டுத்தான் வருவான்”னார். பழைய ஜோக்தான், ஆனாலும் சிரிச்சீங்க. சரி, கல்லறைத் தோட்டத்துக்கே வருவோம்!

திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தை நடுவுல பிரிச்சு எழுப்பின சுவரைப் பத்திப் பத்திரிகையில எத்தனை தடவை வந்திருக்கு! செத்த பிறகும் இந்தச் சாதிக்காரர் இந்தப் பக்கம், அந்தச் சாதிக்காரர் அந்தப் பக்கம். அனுபவம் அனுபவம்னு சொன்னீங்களே, தலைமுறை தலைமுறையா அனுபவம் உள்ள சபைகள்தானே இப்படிப்பட்ட சுவர்களோட வாழ்ந்துச்சு? வழக்கம், பழக்கம்னு சொல்லித்தானே வாழ்ந்துச்சு? பழகிப்போனா கண்ணுக்குச் சுவரே தெரியாது ஐயா! (கைதட்டல்)

அதைக் கேள்வி கேட்ட குரல்ல முக்கியமான ஒண்ணு எங்கே இருந்து வந்துச்சு? 1981-ல், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஒரு உரை ஆற்றினார். இந்தியக் கிறிஸ்தவ இறையியல் இதுவரைக்கும் மேல்சாதித் தத்துவத்தோடயே பேசிக்கிட்டு இருக்கே, சபையில் பெரும்பாலும் உட்கார்ந்திருக்கிற ஒடுக்கப்பட்ட ஜனத்தோட வேதனையை எப்பப் பேசும்னு கேட்டார். தலித் இறையியல்னு நாம இன்னைக்குச் சொல்றது வளர்ந்ததுக்கு அது ஒரு தொடக்கம். நம்ம மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி. அங்கே தியாப்பிலஸ் அப்பாவுன்னு ஒரு பேராசிரியர். ‘பறட்டை’ன்னு சொன்னாத்தான் பலருக்குத் தெரியும். கீர்த்தனை ராகத்துல ஊறிக் கிடந்த வழிபாட்டை நாட்டுப்புற மெட்டுக்குக் கொண்டுவந்தார். கடவுளைப் ‘பெத்தவரே’ன்னு கூப்பிட்டார். கூலி வேலைக்குப் போற அம்மா வீட்டுல பேசற பாஷையிலேயே கோயில்ல கும்பிடலாம்னு சொல்லிக்கொடுத்தது யாரு? படிச்ச ஒரு பேராசிரியர்!

படிச்சவன் பேசினா சனங்களுக்குப் புரியாதுன்னு மூணாவது பேச்சாளர் சொன்னார். அதுல கொஞ்சம் உண்மை இருக்கு, மறைக்க மாட்டேன். எங்க கூட்டத்துல சில பேர் மேடையில ஏறினா, கீழே இருக்கிறவங்க அகராதி எடுத்துக்கிட்டு வரணும். (சிரிப்பு) ஆனா ஜப்பான்காரர் கொசுகே கொயாமாவைப் பாருங்க. அமெரிக்காவுல பிரின்ஸ்டன்ல முனைவர் பட்டம் வாங்கினவர். 1960-கள்ல வடக்குத் தாய்லாந்துல மிஷனரியாப் போனார். கோயிலுக்குப் போற வழியில சேத்துல எருமைங்க நிக்கும். தினமும் எருமையோட வாழுற விவசாயிக்கு நான் எப்படிப் பேசணும்னு யோசிச்சார். 1974-ல் வந்த அவர் புத்தகத்துக்கு எருமையோட பேரையே வச்சார். நம்ம ஊர்ல எருமைன்னா எமனோட வாகனம். அங்கே இறையியலுக்கு வாகனமாயிடுச்சு! (சிரிப்பு, கைதட்டல்) எருமையைப் பார்த்தவங்க ஆயிரம் பேர். அதுல ஒரு பாடம் இருக்குன்னு பார்த்தவர் படிச்சவர்.

கடைசியா ஒரு அம்பை விட்டார் எதிரணித் தலைவர். “1914-ல் கெய்சரோட போரை ஆதரிச்சு 93 ஜெர்மன் அறிஞர்கள் கையெழுத்துப் போட்டார்களே, அதில் இறையியல் பேராசிரியர்கள் இல்லையா?” என்று. இருந்தாங்க ஐயா. நான் சொன்ன பார்ட்டுக்குப் பாடம் நடத்தின வாத்தியார்களே அதுல இருந்தாங்க. அதைப் பார்த்துத்தான் பார்ட்டு அவங்க இறையியலையே சந்தேகப்பட்டார். 1934-ல் பார்மன்ல, ஹிட்லருக்குத் தலையாட்டின சபைத் தலைவர்களை எதிர்த்து ஒரு அறிக்கை வந்ததே, அதைப் பெரும்பாலும் எழுதினது அதே பார்ட்டு. படிச்சவன் தப்புப் பண்ணினா, அதைக் கண்டுபிடிக்க இன்னொருத்தன் படிச்சிருக்கணும். வள்ளுவர் கல்விக்கு ஒரு அதிகாரம் வச்சார், கல்லாமைக்கு ஒரு அதிகாரம் வச்சார், அதோட நிறுத்தலை. அடுத்ததாகக் ‘கேள்வி’ன்னு வச்சார். படிச்சவங்க சொல்றதைக் காது கொடுத்துக் கேட்கிறதும் கேள்வி. இன்னைக்கு நம்ம பாஷையில, அவங்களையே மடக்கிக் கேட்கிறதும் கேள்வி.

நடுவர் ஐயா மணி மேல கை வைக்கிறது தெரியுது. ஒரே ஒரு நிமிஷம்.

பவுல் சிறையில் கிடக்கிறார். சாவு பக்கத்துல வந்தாச்சுன்னு அவருக்கே தெரியுது. எத்தனை கப்பற்சேதம், எத்தனை கல்லடி! பட்டறிவுன்னா அவரை மிஞ்ச ஆள் கிடையாது. தீமோத்தேயுவுக்குக் கடிதம் எழுதுறார். என்ன கேட்கிறார்? ஊர்ல விட்டுட்டு வந்த மேலங்கியை எடுத்துட்டு வா, குளிருக்கு வேணும். அதோட என் புஸ்தகங்களையும் கொண்டுவா, தோற்சுருளை மறந்துடாதேங்கிறார். தலை போகப் போகுது, இன்னும் படிக்க உட்காருறார் ஐயா அந்த மனுஷன்!

மணி அடிச்சாச்சு. (பலத்த கைதட்டல்)