மீட்கப்பட்டவரும் மறக்கப்பட்டவர்களும்

(மாதர் பிரிவின் கல்வி வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் வீட்டு வேலைக்குக் கிடைக்கிறது. அதையும் விட்டுவிட்டு மலை ஏறி இறங்கி வந்திருக்கிறீர்கள். அதனால் வீண் பேச்சுப் பேசக் கூடாது. இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. ஈராக்கில் பிடிபட்டு மீட்கப்பட்ட ஓர் அமெரிக்கச் சிப்பாய்ப் பெண்ணைப் பற்றிப் பேசப் போகிறோம். ஈராக் நமக்கு முற்றிலும் தெரியாத ஊர் அல்ல. நாம் பறிக்கும் கொழுந்து தேயிலையாகிப் போய்ச் சேரும் நாடுகளில் அதுவும் ஒன்று. ஆனாலும் இந்தக் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். போன வருடம் நம்முடைய சங்கப் பத்திரிகையிலே நாம் ஒரு பிழை விட்டோம். அதை நேராகச் சொன்னால் ஆளுக்கு ஆள் கோபம்தான் வரும். தூரத்தில் நடந்ததை முதலில் பார்த்துவிட்டு வந்தால் நம்முடையது நமக்கே விளங்கும்.

2003 மார்ச் மாதம் அமெரிக்கா ஈராக் மீது படையெடுத்தது. அந்தப் படைக்குப் பின்னால் சமையல்காரர், மெக்கானிக், சாமான் கணக்குப் பார்ப்பவர்கள் அடங்கிய ஒரு பராமரிப்புக் கம்பனி லொறிகளில் போனது. மார்ச் 23ஆம் திகதி அவர்கள் வழி தவறி நாசிரியா என்ற நகரத்துக்குள் நுழைந்துவிட்டார்கள். நான்கு பக்கமும் தாக்குதல். 11 பேர் இறந்தார்கள். சிலர் உயிரோடு பிடிபட்டார்கள். பிடிபட்டவர்களில் ஒருவர் ஜெசிக்கா லிஞ்ச். வயது 19. சாமான் கணக்குப் பார்க்கிற கிளார்க் வேலை.

அவர் எங்கிருந்து வந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். மேற்கு வேர்ஜீனியா மாநிலத்தில் மலைப்பாங்கான ஒரு சின்னக் கிராமம். தகப்பன் லொறி ஓட்டுபவர். அந்தப் பக்கம் வேலை கிடைப்பது கஷ்டம். படிக்கக் காசு வேண்டும், வெளி உலகத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு இராணுவம் ஒரு வழியாக இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராக வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. நம் பிள்ளைகள் ஓ.எல். முடித்த கையோடு கொழும்புக் கடைகளுக்கும், நம் பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் ஏன் போகிறார்கள் என்று தெரிந்த நமக்கு, இந்தப் பிள்ளை ஏன் ஆமிக்குப் போனது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஏப்ரல் 1ஆம் திகதி இரவு அமெரிக்க விசேட படைகள் நாசிரியா வைத்தியசாலைக்குள் புகுந்து லிஞ்சைத் தூக்கிக்கொண்டு வந்தன. கையில், காலில், முதுகெலும்பில் முறிவு. இருட்டில் எடுத்த பச்சை நிற வீடியோவை இராணுவமே பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டியது. ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கும் பெண், நெஞ்சின் மேல் மடித்து வைத்த தேசியக் கொடி. உலகம் முழுக்க அந்தப் படம் போனது.

அந்த நாட்டு மக்கள் கொண்டாடினார்கள். ஊரெல்லாம் மஞ்சள் நாடா கட்டினார்கள். கடிதங்களும் பரிசுகளும் வந்து குவிந்தன. காயத்தோடு வரும் பிள்ளைக்கு வசதியாக இருக்கட்டும் என்று ஆட்கள் கூலி வாங்காமல் வந்து வீட்டைத் திருத்திப் பெரிதாக்கிக் கொடுத்தார்கள். இதில் எந்தப் பிழையும் இல்லை. காணாமற்போன பிள்ளை திரும்பி வந்தால் எந்த ஊர்தான் சந்தோஷப்படாது? பிள்ளையின் படத்தைப் பிடித்துக்கொண்டு இன்றைக்கும் வீதியில் நிற்கும் தாய்மார் உள்ள நாட்டில் இருந்துகொண்டு, அந்தச் சந்தோஷத்தைக் குறை சொல்ல எங்களுக்கு வாய் வராது.

ஆனால் அந்தச் சந்தோஷத்தின் மேல் வேறொன்று ஏறிக்கொண்டது. மீட்கப்பட்ட இரண்டாம் நாள், ஏப்ரல் 3ஆம் திகதி, வொஷிங்டன் போஸ்ட் பத்திரிகை முதல் பக்கத்தில் ஒரு செய்தி போட்டது. பெயர் சொல்லாத அதிகாரிகள் சொன்னதாகச் செய்தி. லிஞ்ச் கடைசிவரை துப்பாக்கியால் சுட்டுப் போரிட்டார், எதிரிகள் பலரை வீழ்த்தினார், அவருக்குத் துப்பாக்கிச் சூடும் கத்திக்குத்தும் விழுந்தன என்று அதில் இருந்தது. எல்லா டீவியும் அதையே சொன்னது. யுத்தம் சரியா பிழையா என்று ஊரெல்லாம் விவாதம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. வாதாடிக்கொண்டிருந்தவர்கள் கையிலே ஒரு வீராங்கனையைக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு யார் கேள்வி கேட்பது?

நடந்தது அதுவல்ல. லிஞ்ச் ஒரு வெடிகூட வைக்கவில்லை. அவருடைய துப்பாக்கி இறுகிப்போய் இயங்கவில்லை. அவர் இருந்த வாகனம் தாக்கப்பட்டு லொறியில் மோதியதில் எலும்புகள் முறிந்து நினைவிழந்தார். துப்பாக்கிச் சூடும் இல்லை, கத்திக்குத்தும் இல்லை. மீட்புப் படை போனபோது ஈராக் படையினர் வைத்தியசாலையை விட்டுப் போயிருந்தார்கள். அங்கிருந்தவர்கள் வைத்தியர்களும் தாதியரும் நோயாளிகளும்தான். மீட்கப் போன சிப்பாய்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது, உயிரைப் பணயம் வைத்துத்தான் போனார்கள். லிஞ்சும் அவர்களுக்கு எப்போதும் நன்றி சொல்லியிருக்கிறார். பிழை அவர்களுடையது அல்ல. அவர்கள் செய்ததை எடுத்துக் கதை கட்டியவர்களுடையது. அந்தப் பத்திரிகையே ஜூன் மாதம் நீண்ட திருத்தக் கட்டுரை எழுத வேண்டி வந்தது. ஆனால் முதல் செய்தி போன தூரம் திருத்தம் போகாது. இது உங்களுக்கும் தெரியும். லயத்தில் ஒரு வதந்தி கிளம்பினால் அடுத்த டிவிஷனுக்குப் போக அரை நாள் போதும், அது பொய் என்று சொல்லி முடிக்க ஆறு மாதம் வேண்டும்.

இனி அந்த ஒரு முகத்துக்குப் பின்னால் மறைந்துபோனவர்களைப் பார்ப்போம்.

முதலாமவர் லோரி பியெஸ்டேவா. ஹோப்பி என்ற பூர்வீகக் குடியைச் சேர்ந்தவர், வயது 23, இரண்டு சின்னப் பிள்ளைகளின் தாய். லிஞ்சின் அறைத் தோழி. அந்த வாகனத்தை ஓட்டியவர் அவர்தான். அதில் இருந்த ஐந்து பேரில் உயிர் தப்பியது லிஞ்ச் மட்டும். பியெஸ்டேவா தலையில் காயத்தோடு பிடிபட்டு ஈராக்கில் இறந்தார். அமெரிக்கப் படையில் இருந்து யுத்தத்தில் உயிரிழந்த முதல் பூர்வீகக் குடிப் பெண் அவர். சொந்த மாநிலமான அரிசோனாவில் ஒரு மலைக்குப் பிறகு அவர் பெயரை வைத்தார்கள். ஆனால் அந்த ஏப்ரல் மாதம் உலகம் முழுக்கப் போன படம் அவருடையது அல்ல.

இரண்டாமவர் ஷொஷானா ஜோன்சன். பனாமாவில் பிறந்த கறுப்பினப் பெண், சமையல்காரர், ஒரு சின்னப் பெண் பிள்ளைக்குத் தாய். இரண்டு கணுக்காலிலும் சூடுபட்டுப் பிடிபட்டார். 22 நாள் சிறையில் இருந்தார். ஏப்ரல் 13ஆம் திகதி மற்ற ஆறு பேரோடு அவரும் மீட்கப்பட்டார். அவர்களையும் வரவேற்றார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லிஞ்சுக்குக் கிடைத்த கவனம் அவருக்குக் கிடைக்கவில்லை. அங்கவீனக் கொடுப்பனவு வந்தபோது லிஞ்சுக்கு 80 வீதம், ஜோன்சனுக்கு 30 வீதம். ஒவ்வொருவருடைய காயத்தையும் தனித்தனியாக அளந்துதான் தீர்மானித்தோம் என்றது இராணுவம். தோலின் நிறத்தையும் சேர்த்து அளந்தீர்களா என்று கறுப்பின மக்களின் தலைவர்கள் கேட்டார்கள். நட்டஈட்டுக்காக ஆபீஸ் வாசலில் நின்று பழகிய நமக்கு அந்தக் கேள்வி புதிதல்ல.

மூன்றாமவர் சார்ஜன்ட் டொனால்ட் வோல்டர்ஸ். அன்றைக்குத் தனித்து விடப்பட்டுப் போரிட்டவர் இவராக இருக்கலாம் என்று இராணுவத்தின் விசாரணை அறிக்கையே பின்னர் சொன்னது. அவர் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். தன் மகன் எப்படிச் செத்தான் என்று கேட்டு ஓயாமல் அலைந்தவர் அவருடைய தாய். வீரப் பதக்கம் வந்தது 2004இல்தான். நடக்காத ஒன்றை லிஞ்சின் மேல் ஏற்றி வைத்ததால், உண்மையில் நின்று போரிட்டவர்களை யாரும் தேடவில்லை.

நான்காமவர்கள் அந்த வைத்தியசாலைக்காரர்கள். குண்டு விழுகிற ஊரில், எதிரிப் படைச் சிப்பாய் என்று தெரிந்தும் அந்தப் பெண்ணுக்கு வைத்தியம் பார்த்தவர்கள். ஆம்புலன்ஸில் ஏற்றி அமெரிக்கர்களிடம் ஒப்படைக்கப் பார்த்தோம், சுட்டதால் திரும்பி வந்தோம் என்று அவர்கள் சொன்னார்கள். தாதியர் அன்பாகப் பார்த்துக்கொண்டதை லிஞ்சும் சொல்லியிருக்கிறார். கொண்டாட்டத்தில் அவர்களுக்கு இடமே இல்லை. நாசிரியாவில் செத்துப்போன சனங்களுக்கும் இல்லை.

இந்தக் கதையில் எங்களுக்கு ஆறுதல் தருவது ஒன்று உண்டு. பொய்யை உடைத்தவர்களில் முதல் வரிசையில் நின்றவர் லிஞ்ச்தான். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நாடே கும்பிடுகிறது, டீவியில் படமும் எடுத்துவிட்டார்கள். 2003 நவம்பரில் தொலைக்காட்சிப் பேட்டியில் உட்கார்ந்து, நான் சுடவில்லை, நான் வீராங்கனை இல்லை, என்னை ஓர் அடையாளமாகப் பயன்படுத்திக்கொண்டார்கள், அது பிழை என்று சொன்னார். 2007 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் போய் மீண்டும் சொன்னார். உண்மையான வீரர்கள் இருக்கும்போது எதற்காகப் பொய் சொன்னார்கள் என்பது தனக்கு இன்னும் விளங்கவில்லை என்றார். பியெஸ்டேவாவின் பெயரையும் மற்றவர்களின் பெயர்களையும் அவரே எடுத்துச் சொன்னார். பிறகு ஆசிரியப் படிப்பை முடித்துப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தார். 19 வயதில் ஆசைப்பட்டது அதைத்தானே.

தோழர்களே, இப்போது நம்முடைய கதைக்கு வருவோம்.

போன வருடம் நம் தோட்டங்களில் ஒன்றில், கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் மேல் குளவிக்கூடு கலைந்தது. ஏழு பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அதில் ஒரு இளம் பிள்ளையைப் படங்கில் வைத்து இரண்டு பையன்மார் தூக்கிக்கொண்டு ஓடி வருகிற படம் எங்கள் கைக்கு வந்தது. நல்ல படம். "தன் உயிரைப் பாராமல் சத்தம் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றிய வீரப்பெண்" என்று கீழே எழுதினோம். யாரோ சொன்னார்கள், எழுதிவிட்டோம். அந்தப் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்திரிகையைப் பார்த்துவிட்டு மற்றத் தோட்டங்களில் இருந்து காசு சேர்த்து அனுப்பினார்கள். எல்லாம் அந்த ஒரு வீட்டுக்கே போனது.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளை எங்களிடம் வந்து அழுதது. "டீச்சர், நான் சத்தம் போடவே இல்ல. மொதல்ல ஓடுனதே நான்தான். சத்தம் போட்டது எங்க பக்கத்து நெரையில நின்ன பெரியம்மா. அவங்க மொகத்த என்னால பாக்க முடியல" என்றது. நாங்கள் அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனோம். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது. முகமெல்லாம் வீங்கி ஒரு மாதம் வேலைக்குப் போகவில்லை. சங்கத்தில் இருந்து யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை. நாங்கள் மன்னிப்புக் கேட்டு, அடுத்த இதழில் உங்கள் பெயரைப் போடுகிறோம் என்றோம். அவர் சிரித்தார். "பேப்பர்ல பேர் வேணாம் டீச்சர். செக்ரோல்ல அந்த ஒரு மாசத்துக்குப் பேர் போடச் சொல்லுங்க" என்றார்.

அதற்கு எங்களிடம் பதில் இல்லை. அவருடைய விபத்துக் கோரிக்கையை நாம் அனுப்பியே இருக்கவில்லை. படத்தில் இருந்த பிள்ளையின் கோரிக்கை மட்டும் போயிருந்தது. 80 வீதம், 30 வீதம் என்று அமெரிக்காவைக் கேட்கிறோம். நாம் அந்த அம்மாவுக்குக் கொடுத்தது எத்தனை வீதம்?

அதனால் மாதர் பிரிவின் சார்பில் மூன்று விஷயங்களை இங்கே முன்வைக்கிறோம். ஒன்று, யாரைப் பற்றி எழுதினாலும் அவரிடம் வாசித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகே அச்சுக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு, விபத்தில் அகப்பட்ட எல்லோருடைய பெயரையும் அன்றைக்கே தோட்டக் கமிட்டி எழுதி எடுத்து, எல்லோருக்கும் கோரிக்கை அனுப்ப வேண்டும். படம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கக் கூடாது. மூன்று, சேருகிற காசை ஒரு வீட்டுக்குக் கொடுக்காமல் காயத்தையும் இழந்த நாளையும் பார்த்துக் கமிட்டி பிரித்துக் கொடுக்க வேண்டும். மற்ற ஆறு பேருடைய கோரிக்கைகளும் போன கிழமை பிந்தித்தான் போயிருக்கின்றன. பதில் வரும்வரை விடமாட்டோம்.

அந்தப் பிள்ளை இன்றைக்கு இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருக்கிறது, சொல்லவில்லை. இதையெல்லாம் இங்கே சொல்லலாமா என்று அந்தப் பிள்ளையிடமும் அந்தப் பெரியம்மாவிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் சொன்னோம்.

யாராவது காப்பாற்றப்பட்டால் கை தட்டுவோம். தட்டி முடித்ததும், கூட இருந்தவர்கள் யார் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்று கேட்போம். அதைக் கேட்கத்தான் சங்கம் இருக்கிறது.