திருமடைப்பள்ளியும் மரக்கறி உணவும்



புலால் நீங்கிய உணவுக்குச் ‘சைவம்’ என்று பெயர் வழங்குவது தமிழ் வழக்கு. ஒரு சமயத்தின் பெயரே ஓர் உணவு முறைக்கும் பெயராய் நிலைத்தது எண்ணி மகிழத்தக்கது. வைணவரும் அந்நெறியைப் போற்றினர். சமண முனிவர் அதற்கு ஆற்றிய தொண்டும் மறக்கற்பாலதன்று. திருக்குறளில் புலால் மறுத்தலுக்கு ஓர் அதிகாரமும் கொல்லாமைக்கு மற்றோர் அதிகாரமும் உள்ளன. வடலூரில் இராமலிங்க அடிகள் 1867-ஆம் ஆண்டில் நிறுவிய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையாது எரிகின்றது. பசித்து வந்தவர்க்கு அங்கே இடப்படுவது மரக்கறிச் சோறே. இவையெல்லாம் உயிரிரக்கம் பற்றி எழுந்தவை. உடல்நலமும் நிலநலமும் இவற்றோடு எவ்வாறு பொருந்துகின்றன என்பதே இப்பேச்சின் பொருள்.

வெண்பொங்கலை எடுத்துக்கொள்க. அரிசியின் புரதத்தில் ‘லைசின்’ என்னும் கூறு குறைவு. பாசிப்பருப்பில் அது மிகுதி. பருப்பில் குறைவாயுள்ள ‘மெதியோனின்’ அரிசியில் உண்டு. இரண்டும் ஒரே பானையில் வெந்தபொழுது ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகின்றது. இட்டலிக்கும் இதுவே நியாயம். வேதிநூல் தோன்றுவதற்கு எத்தனையோ தலைமுறைகளுக்கு முன்னரே மடைப்பள்ளியார் இக்கூட்டைக் கண்டிருந்தனர்.

இதனினும் வியப்பானது துவாதசி இலை. ஏகாதசி நோன்பிருந்தோர் மறுநாட் காலையில் அகத்திக்கீரை, நெல்லிக்கனி, சுண்டைக்காய் ஆகியவற்றுடன் நோன்பு முடிப்பது வழக்கம். கீரையிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதில் ஏறுவதன்று. ‘சி’ உயிர்ச்சத்து உடன் சென்றால் அது மிகுதியாக ஏறும். அவ்வுயிர்ச்சத்து நிறைந்த கனி நெல்லி! கீரையையும் நெல்லியையும் ஓரிலையில் வைத்தவர் யாவரோ, அவர் கைக்கு வணக்கம்.

புலாலுணவின் மறுபக்கத்தையும் நோக்குதல் வேண்டும். உப்பிட்டும் புகையூட்டியும் பதப்படுத்திய இறைச்சி குடற்புற்றுநோயை விளைப்பது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015-இல் முடிவு செய்தது. பயறும் காயும் தரும் நார்ச்சத்தோ இறைச்சியில் அறவே இல்லை. குருதியில் கொழுப்புச் சேராமற் காப்பதில் அதற்குப் பங்குண்டு.

ஆயினும், சைவம் என்ற பெயர் ஒன்றே உடலைக் காத்துவிடாது. சாவகத் தீவில் 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐக்மான் என்னும் டச்சு மருத்துவர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவருடைய கோழிகள் காரணம் புலப்படாமல் கால் தளர்ந்து வீழ்ந்தன. சில காலம் சென்றபின் தாமே தேறின. படைவீரர் மருத்துவமனையில் மீந்த தீட்டிய வெண்சோறே அவற்றுக்கு இரையாகி வந்தது. புதிதாய் வந்த சமையற்காரர், படையின் சோறு ஊர்க்கோழிக்கு ஆகாது என்று மறுத்துவிட்டார். அதன்பின் தீட்டாத அரிசி கிடைத்தது, கோழிகள் பிழைத்தன. சமையற்காரரின் சிக்கனம் மருத்துவ உலகுக்கு விளக்காயிற்று! தவிட்டில் உயிர்காக்கும் பொருள் உண்டென்பது பின்னர்த் தெளிவாயிற்று. 1929-இல் ஐக்மானுக்கு நோபல் பரிசும் கிட்டியது.

அத்தவிட்டை நீக்கிய சோற்றை நிறைய உண்டு, மேலே சர்க்கரையும் நெய்யும் பெய்துகொண்டு, “யாம் சைவர்” என்று அமைதி கொள்வதிற் பயனில்லை. இந்தியாவில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேற்பட்டவர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023-இல் மதிப்பிட்டது. மற்றொன்றையும் மறைத்தல் தகாது: ‘பி-12’ என்னும் உயிர்ச்சத்து மரக்கறியில் இல்லை. பாலும் தயிரும் உண்போர்க்கு அது கிடைக்கும்; அவற்றையும் துறந்தோர் மருத்துவரைக் கேட்டு அதனைத் தனியே பெறுதல் வேண்டும்.

இனி, நிலத்தின் நலம். மாந்தர் செயலால் வானிற் சேரும் வெப்பவளிகளில் 14.5 விழுக்காடு கால்நடை வளர்ப்பால் வருவதென ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் கணக்கிட்டது. உலகோர் விலங்குணவை முற்றும் விட்டால், உணவுக்கென ஆளப்படும் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விடுபடும் என்பது 2018-இல் வெளிவந்த ஆய்வொன்றின் முடிவு. தீனியை விளைத்து விலங்குக்கு இட்டு, அவ்விலங்கை உண்பது சுற்றுவழி. அவ்வழியில் விளைவின் பெரும்பகுதி கழிந்துபோகின்றது.

விடையேறும் பெருமானைத் தொழுவோர் ஆனினத்தைக் குறை கூறலாமோ எனச் சிலர் வினவக்கூடும். குற்றம் ஆவின்மேல் அன்று. அமேசான் காட்டை அழித்து இறைச்சிக்கென மந்தை பெருக்கும் வாணிகத்தின்மேல் ஆகும். நீர் தேங்கிய நெல்வயலிலிருந்தும் மீத்தேன் எழுகின்றது என்பதையும் ஒப்புக்கொள்ளல் நேர்மை. பயறோ குறைந்த நீரில் விளைவது. தன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரசனைப் பற்றித் தனக்கு உரமாக்கிக்கொள்வது. தினையும் புன்செய்ச் செல்வமே. தேனும் தினைமாவும் முருகப்பெருமானுக்கு உகந்தவை என்பதை அடியார்க்குச் சொல்லவும் வேண்டுமோ?

தமிழ்நாட்டுத் திருக்கோயில்களில் 2002-ஆம் ஆண்டு முதல் அன்னதானத் திட்டம் நடைபெற்று வருகின்றது. ஒரு நாட் கட்டளைக்குப் பொருள் வழங்கும் அன்பர் பலரும் சர்க்கரைப் பொங்கலையும் வடையையுமே விரும்பிக் கேட்கின்றனர். விழாநாளில் அவை இனியவையே. ஆனால் பந்தியில் அமர்வோருள் அன்றைய முழு உணவாக அவ்விலையையே நம்பி வருவோரும் உளர். அவர்களுக்குத் தவிடு போகாத கைக்குத்தல் அரிசிச் சோறும், பருப்புக் குழம்பும், கீரைக்கூட்டும், ஒரு கைப்பிடிச் சுண்டலும் ஏற்றவை. கிருத்திகைதோறும் தினைப்பொங்கல் இடலாம். கட்டளைச் சீட்டில் பொருளின் அளவை எழுதும் கையே இவற்றின் பெயரையும் எழுதலாகும்.

நந்தவன மதிலோரத்தில் அகத்திக்கும் இடமுண்டு. பயற்றினத்தைச் சேர்ந்த அம்மரம் விதைத்த ஓராண்டுக்குள்ளேயே கீரை தரும்; மடைப்பள்ளிக்குப் போக எஞ்சியதைக் கோசாலைப் பசுக்கள் உண்ணும்.