விரவல்: உயிர் காக்கும் ஓயா அலைவு

  

விரவுதல் என்பது கலத்தல். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாய் வரும் பெயரை விரவுப்பெயர் என்று இலக்கணத்தார் வழங்கினர். அப்பழஞ்சொல்லே இன்று, ஒரு பொருளின் நுண்துகள்கள் பிறிதொன்றனுள் தாமே பரவிக் கலக்கும் நிகழ்ச்சிக்குப் பெயராகி நிற்கின்றது.

அசையா நீரில் ஒருதுளி மையை இடுக. எவரும் கலக்காமலே மை எங்கும் படர்கின்றது. மைத்துகள் வெற்றிடம் நாடி விரும்பிச் செல்கின்றதோ? இல்லை. துகளுக்கு விருப்பமுமில்லை, வழியறியும் அறிவுமில்லை. வெப்பத்தால் எல்லாத் துகள்களும் ஒன்றோடொன்று மோதி நாற்புறமும் ஓயாது அலைகின்றன. செறிந்த பக்கத்தில் துகள்கள் பல. செறியாப் பக்கத்தில் சில. ஆகலின், அங்கிருந்து இங்கு வருவன மிகுதி. இங்கிருந்து அங்குச் செல்வன குறைவு. இவ்வரவுசெலவுக் கணக்கே விரவல். இருபுறமும் செறிவு ஒத்தபின்னும் அலைவு நிற்பதில்லை. வரவும் செலவும் இணையாகின்றன, அவ்வளவே.

1827இல் இராபர்ட்டு பிரௌன் என்னும் நிலைத்திணையியலறிஞர், நீரில் மிதந்த பூந்தாதுவின் நுண்பொடிகள் ஓயாது துடிப்பதை உருப்பெருக்கியில் கண்டார். கண்ணுக்குப் புலப்படாத நீர்த்துகள்களின் மோதலே அதன் கரணியம் என்பதை 1905இல் ஐன்சுடைன் கணக்கிட்டு விளக்கினார். இஃது இயற்பியல் தந்த தெளிவு.

வேதியியலில் இதனை ஆய்ந்தவர் சுகாட்டுலாந்தில் பிறந்த தாமசு கிரகாம். வளியின் அடர்த்தி மிக, விரவும் விரைவு குறையும் என்றும், அக்குறைவு அடர்த்தியின் இருபடி மூலத்தைப் பொறுத்தது என்றும் 1833இல் நிறுவினார். உயிர்வளி நீரகவளியினும் பதினாறு மடங்கு அடர்ந்தது. எனவே நீரகவளி நான்கு மடங்கு விரைந்து விரவும்.

செருமானிய உடலியலறிஞர் அடோல்பு பிக்கு, செறிவு வேறுபாடு மிகுந்தால் விரவலும் மிகும் என்னும் நெறியை 1855இல் வகுத்தார். இதில் நுட்பமான ஓர் உண்மை உண்டு. தொலைவு பத்து மடங்கானால், விரவும் காலம் நூறு மடங்காகும். சிறு துகளொன்று நீரில் உயிரணுவளவான மில்லிமீட்டரின் நூற்றிலொரு பங்கைக் கடக்க நொடியின் சிறுபகுதியே போதும். ஒரு சென்டிமீட்டருக்கோ அரைநாளுக்கு மேல் வேண்டும். ஒரு மீட்டருக்குப் பதினைந்து ஆண்டுக்கும் மேலாகும்! உயிரணுக்கள் சிறுத்திருப்பதும், பேருடலுக்கு நெஞ்சாங்குலையும் குருதியோட்டமும் தேவைப்படுவதும் இதனாலேயே. நுரையீரலில் ஏறத்தாழ 30 கோடி நுண்ணறைகள் உள்ளன. அவற்றின் சுவரோ மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு பங்கினும் மெல்லிது. ஆதலால் ஒரு நொடிக்குள்ளே உயிர்வளி குருதியிற் புகுகின்றது, கரிவளி வெளியேறுகின்றது.

இனி, உயிர்ப்போராட்டமான ஒரு செய்தி. சிறுநீரகம் பழுதுற்றால் யூரியா முதலிய கழிவுகள் குருதியில் தங்கி உயிரைப் போக்கும். நுண்சவ்வின் வழியே சிறு துகள்கள் விரவிச் செல்லும், பெருந்துகள்கள் தங்கிவிடும் என்பதைக் கிரகாம் 1861இலேயே காட்டியிருந்தார். அவ்வுண்மையை மருத்துவமாக்கியவர் நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ப்பு. அந்நாடு செருமானியர் பிடியிலிருந்த 1943இல், செலோபேன் குழாயை மர உருளையில் சுற்றி உப்புநீரில் சுழலவிட்டு, அக்குழாயினுள் நோயாளியின் குருதியைச் செலுத்தினார். தொடக்கத்தில் நோயாளர் பலர் பிழைக்கவில்லை. அவர் தளரவில்லை. 1945இல் நினைவிழந்து கிடந்த 67 அகவை மூதாட்டி கண்விழித்தார், பிழைத்து வாழ்ந்தார்.

இன்றைய குருதித் தூய்மிப்பும் இந்நெறியினதே. சவ்வின் அப்பால் ஓடும் நீரில் யூரியா இல்லை. ஆகவே குருதியிலுள்ள யூரியா அங்கே விரவுகின்றது. உடலுக்கு வேண்டும் உப்பு அந்நீரிலும் தக்க அளவில் உள்ளது. ஆகவே குருதி அதனை அளவுமீறி இழப்பதில்லை. குருதியணுக்களோ சவ்வின் துளையிற் புகா.

பெரும்பாலும் கிழமைக்கு மூன்று முறை, முறைக்கு நான்கு மணி நேரம் நோயாளர் கிடக்க வேண்டியுள்ளது. "இரண்டு மணி போதாதா?" என்று சலிப்போர் உளர். போதாது. குருதி முதலில் தூய்மையுறினும், தசைகளினுள் தேங்கிய கழிவு மெல்ல மெல்லவே குருதிக்கு வந்துசேரும். சலித்து எழுந்தால் நஞ்சு உள்ளேயே தங்கும். மருத்துவர் குறித்த பொழுதை நோயாளர் குறைத்துக்கொள்ள வேண்டா. உடனிருப்போர் குறைக்க விடவும் வேண்டா.

துகளின் அலைவை எவரும் அதட்டி விரைவுபடுத்த இயலாது. அதன் நெறியறிந்து காத்திருப்பாரை அது காக்கும்.